பேரல் டீசலும் அடித் தண்ணீரும்: கொட்டகையில் எரிபொருள் கெடாமல் வைத்துக்கொள்ள

ரோட்டாவேட்டரை மண்ணில் இறக்கியதும் டிராக்டர் திணறுகிறது. கருவியைத் தூக்கினால் பழையபடி ஓடுகிறது. சும்மா நிற்கும்போது ஒரு குறையும் தெரிவதில்லை. இப்படி ஆனால் பம்பையும், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் கழற்றச் சொல்லும் முன் டீசல் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் கோளாறு இன்ஜினில் இல்லை, கொட்டகை மூலையில் நிற்கும் 200 லிட்டர் பேரலின் அடியில் இருக்கிறது.

பேரல் டீசலைக் கெடுப்பவை என்று தூசு, துரு, பூஞ்சை, பழசாகிப்போதல் என நாலைந்து சொல்லலாம். ஆனால் பாதிக்கு மேல் தண்ணீர் ஒன்றிலேயே முடிந்துவிடும். அடியில் தண்ணீர் இல்லாவிட்டால் இரும்பு துருப்பிடிக்காது, பூஞ்சைக்கும் குடியிருக்க இடம் கிடைக்காது. அதனால் கீழே உள்ள வேலைகளில் பெரும்பகுதி தண்ணீரை உள்ளே விடாமல் இருப்பதும், வந்ததை வெளியே எடுப்பதும்தான்.

தண்ணீர் எந்த வழியாக வருகிறது

பனி இறங்கித் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று சொல்வது வழக்கம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சின்னத் திருடன்தான். பாதி காலியான பேரலில் 100 லிட்டர் காற்று இருக்கிறது. பகலுக்கும் இரவுக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்றால் ஒரு நாளில் மூன்று லிட்டர் அளவு காற்று வெளியே போய் உள்ளே வரும். நல்ல ஈரக்காற்று லிட்டருக்கு 0.03 கிராம் நீரைத்தான் சுமக்கும். அது முழுவதும் உள்ளேயே தங்கிவிட்டாலும் நூறு நாளில் பத்து மில்லிதான் சேரும்.

பெரிய திருடன் பேரலின் தலைமேல் நிற்கும் மழைநீர். மேல் வட்டம் 57 செ.மீ. குறுக்களவு, சுற்றிலும் விளிம்பு உயர்ந்து தட்டுப்போல இருக்கும். அதில் ஒரு சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் நின்றாலே இரண்டரை லிட்டர். பகல் வெயிலில் பேரல் சூடாகி உள்ளிருக்கும் காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறும். மாலையில் ஒரு மழை பெய்து இரும்பு சட்டெனக் குளிர்ந்தால், உள்ளே காற்று சுருங்கி மூடியின் மரை வழியாக இழுக்கும். மூடிமேல் நிற்பது தண்ணீர் என்றால் அதைத்தான் இழுக்கும். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது என்பார்கள். உள்ளிருக்கும் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் எவ்வளவு இறுக்கியும் பயனில்லை.

மூன்றாவது வழி, வாங்கும்போதே வருவது. இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1460, ஒரு கிலோ டீசலில் 200 மில்லிகிராம் வரை நீரையும் 24 மில்லிகிராம் வரை தூசையும் அனுமதிக்கிறது. 200 லிட்டர் டீசல் ஏறத்தாழ 166 கிலோ. ஆக, விதிக்கு உட்பட்ட நல்ல டீசலிலேயே ஒரு பேரலுக்கு 33 மில்லி நீரும், தேக்கரண்டி அளவு தூசும் வரலாம். சூடாக இருக்கும்போது டீசலில் கரைந்திருக்கும் நீர், ஆறியதும் பிரிந்து அடியில் இறங்கும். ஒரு பேரலுக்கு இது பெரிதில்லை. அடியைச் சுத்தம் செய்யாமல் அதே பேரலை வருஷத்தில் பத்து முறை நிரப்பினால்தான் சேர்ந்துகொண்டே போகும்.

பங்க்கில் டேங்கர் லாரி இறக்கிக்கொண்டிருக்கும்போதோ, இறக்கி முடித்த உடனேயோ பேரலைக் கொண்டுபோகாதீர்கள். நிலத்தடித் தொட்டியின் அடியில் கிடப்பது கலங்கியிருக்கும். சில மணி நேரம் கழித்துப் போவது நல்லது. கனமழையில் தெருவில் தண்ணீர் நின்ற மறுநாள் வாங்குவதானால் தொட்டியில் தண்ணீர் பார்த்தார்களா என்று கேளுங்கள். அளவுக்கோலில் ஒரு பசையைத் தடவி இறக்குவார்கள். தண்ணீர் பட்ட இடத்தில் பசையின் நிறம் மாறும்.

எந்தப் பேரல், எங்கே, எப்படி

இரும்புப் பேரல் போதும். ஆனால் துத்தநாகம் பூசிய பாத்திரம் எதுவும் டீசல் பக்கம் வரக்கூடாது, ஜி.ஐ. பைப், ஜி.ஐ. வாளி, ஜி.ஐ. புனல் மூன்றுக்கும் இது பொருந்தும். டீசலில் உள்ள அமிலத்தோடு துத்தநாகம் சேர்ந்து சோப்புப் போன்ற பொருளாகி நாசிலில் படியும். செம்பும் பித்தளையும் டீசலைச் சீக்கிரம் பழசாக்கும். ஒரு பித்தளை வால்வால் உடனே ஆபத்து வந்துவிடாது. செம்புக் குழாய் நீளமாகப் போடுவதைத் தவிர்த்தால் சரி.

பழைய பேரல் வாங்குவதானால் முன்பு அதில் என்ன இருந்தது என்பதே முதல் கேள்வி. பூச்சிமருந்து, ஆசிட், சோப்புத் திரவம், சமையல் எண்ணெய் இருந்தவை வேண்டாம். இன்ஜின் ஆயில் அல்லது ஹைட்ராலிக் ஆயில் வந்த பேரல் நல்லது. டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பக்கச் சுவரில் லேசான பழுப்பு இருந்தால் தேய்த்து எடுக்கலாம். அடியில் துரு செதில் செதிலாகக் கிளம்பியிருந்தால் விட்டுவிடுங்கள். காலிப் பேரலை வெல்டிங் வைக்கவோ அறுக்கவோ கூடாது. டீசல் இருந்த பேரல், மாதக்கணக்காகக் காலியாகக் கிடந்திருந்தாலும், வெல்டிங் சூட்டில் ஆவி கிளம்பி வெடிக்கும். காலியாக இருப்பதுதான் நிறைந்ததைவிட ஆபத்து.

பேரலைச் சுத்தம் செய்யத் தண்ணீர் வேண்டாம். ஐந்து லிட்டர் டீசலும் ஒரு மீட்டர் சுத்தமான இரும்புச் சங்கிலியும் உள்ளே போட்டு, இரண்டு மூடிகளையும் இறுக்கி, களத்தில் பத்து நிமிடம் உருட்டுங்கள். நடுவில் இரண்டு முறை தலைகீழாகவும் நிறுத்துங்கள். ஊற்றி எடுத்து, வெள்ளைத் துணியில் ஒரு கரண்டி விட்டுப் பாருங்கள். துணியில் பழுப்புத் தூள் நின்றால் இன்னொரு முறை.

இடம் கூரைக்குக் கீழே, வெயில் படாத வடக்குப் பக்கச் சுவர் ஓரம். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும் சுவரில் வேண்டாம். வைக்கோல் போரும் உர மூட்டையும் தள்ளியே இருக்கட்டும். யூரியா ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பக்கத்தில் நிற்கும் இரும்பு துருப்பிடிக்கும். சிமென்ட் தரையில் நேராக வைக்காமல் இரண்டு பலகைமேல் ஏற்றுங்கள். பேரல்கள் பெரும்பாலும் ஓட்டையாவது அடி விளிம்பில்தான், அதுவும் வெளியிலிருந்து.

இனி சாய்வு. பேரலின் தலையில் எதிரெதிராக இரண்டு மூடிகள் இருக்கும்: இரண்டு அங்குலம் ஒன்று, முக்கால் அங்குலம் ஒன்று. கைப்பம்பு பெரிய மூடியில் உட்காரும். பம்பு இருக்கும் பக்கத்தின் அடியில் ஒரு அங்குலக் கட்டை கொடுத்து உயர்த்துங்கள். அடித் தண்ணீர் எதிர்ப்பக்கம் ஓடி, சின்ன மூடிக்கு நேர் கீழே தங்கும். அந்தச் சின்ன மூடி வழியாகச் சோதிக்கலாம், எடுக்கலாம். பேரலின் இடுப்பில் "டீசல்" என்றும், நிரப்பிய தேதியையும் பெயின்ட்டில் எழுதிவிடுங்கள்.

இந்தச் சாய்வு கூரைக்குக் கீழே மட்டும். வேறு வழியில்லாமல் வெளியே நிறுத்தவேண்டி வந்தால், இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி பேரலைக் கால் சுற்றுத் திருப்பிச் சாயுங்கள். மழைநீர் இரண்டையும் தொடாமல் ஓரத்தில் நிற்கும். திறக்காத முழுப் பேரலானால் படுக்கப் போட்டு, கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடங்களில் மூடிகள் வருமாறு வைப்பது இன்னும் நல்லது. அப்போது இரண்டு மூடிகளுக்கும் உள்பக்கம் டீசல் நிற்கும், காற்றை இழுக்க வழியிருக்காது.

விளிம்பு வரை நிரப்பாதீர்கள். 15 டிகிரி சூடேறினால் 200 லிட்டர் டீசல் இரண்டரை லிட்டர் விரியும்.

பம்பும் ஃபில்டரும்

உறிஞ்சும் குழாயின் நுனி பேரலின் அடியிலிருந்து 75 மி.மீ. மேலே நிற்கவேண்டும். பம்போடு வரும் குழாய் பெரும்பாலும் அடியைத் தொடும் நீளத்தில் இருக்கும். அளந்து அறுத்து, பிசிறை ராவி எடுத்துவிட்டுப் போடுங்கள். இப்படிச் செய்தால் அடியில் 19 லிட்டர் போலத் தங்கிவிடும். இது பலருக்கும் மனம் ஒப்பாத விஷயம். ஆனால் அந்த 19 லிட்டர் நஷ்டமில்லை, தெளியவைத்து மேலே நிற்பதை எடுத்துக்கொள்ளலாம். கடைசிச் சொட்டு வரை உறிஞ்சும் பம்புதான் வருஷம் முழுக்கச் சேர்ந்த கசடை ஒரே நாளில் டிராக்டர் டேங்குக்கு அனுப்பும்.

இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றும்போது முதல் இரண்டு மரையை விட்டுச் சுற்றுங்கள். நுனி வரை சுற்றினால் டேப்பின் இழை பிய்ந்து உள்ளே போகும்.

பம்பின் வெளிப்பக்கத்தில் ஒரு ஃபில்டர் போடுங்கள். 10 மைக்ரான் அளவில் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), தண்ணீரை உறிஞ்சி வீங்கும் வகை கிடைத்தால் அதுவே சிறந்தது. தண்ணீர் நிறைந்ததும் அது வழியை அடைத்துக்கொள்ளும்; பம்பு சுற்றக் கனக்கும். ஃபில்டர் கெட்டுவிட்டது என்று எடுத்து எறிந்துவிட்டு நேராக இறைப்பது, காவல் நாய் குரைத்ததற்காக அதைக் கட்டிப்போடுவது போல. குரைத்தது எதற்கு என்று பேரலின் அடியைப் பாருங்கள்.

வேட்டித் துணியில் வடிகட்டினால் போதாதா? தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். இன்ஜினின் டீசல் பம்பில் பிளஞ்சர் என்னும் தண்டுக்கும் அது ஓடும் உருளைக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். துணியில் நிற்பது வைக்கோலும் வண்டும். தேய்மானம் செய்யும் தூசு தாராளமாக இறங்கிவிடும், துணி தன் பங்குக்குப் பஞ்சும் விடும். தண்ணீரையும் அது நிறுத்தாது. புனல்தான் வேண்டும் என்றால் டெஃப்லான் பூசிய மெல்லிய சல்லடை வைத்த புனலை வாங்குங்கள். அது டீசலை விட்டுத் தண்ணீரை அடியில் தேக்கிவைக்கும். கடைசியாக நிற்கும் அரை டம்ளரைக் கவிழ்த்து டேங்கில் விடாமல் தனியே கொட்டுங்கள். இந்தப் புனலைச் சோப்புப் போட்டுக் கழுவக்கூடாது. சோப்பு பட்டால் தண்ணீர் பொடித்துளியாகி டீசலோடு கலந்து சல்லடை வழியே இறங்கிவிடும்.

பழைய டிராக்டர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து டிரெம் 4 புகை விதி வந்தபின், எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் காமன் ரெயில் முறை வயலுக்கும் வந்துவிட்டது. அங்கே ஆயிரம் பாருக்கு (காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்குக்கு) மேலான அழுத்தத்தில் டீசல் போகிறது. ஒரு சொட்டுத் தண்ணீரும் நாசில் நுனியைத் தின்னும். இரண்டு வகை வண்டியும் வைத்திருப்பவர்கள் சந்தேகமான டீசலை எதில் ஊற்றக்கூடாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

அடியை எட்டிப் பார்ப்பது

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும், கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப்பில் ஒரு மீட்டர் இருபது வாங்குங்கள். அதை நேரான கம்பியில் மூன்று இடத்தில் கட்டுங்கள்; டியூப்பின் நுனியும் கம்பியின் நுனியும் சமமாக இருக்கட்டும். மேல்முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, சின்ன மூடி வழியாக அடி தொடும்வரை இறக்குங்கள். விரலை எடுங்கள், பத்து எண்ணுங்கள், மறுபடி அடைத்து மெல்லத் தூக்குங்கள். பேரலின் அடி எப்படி இருக்கிறதோ அப்படியே டியூப்பில் நிற்கும்.

முழுக்க ஒரே மஞ்சளாகத் தெளிந்திருந்தால் கவலையில்லை. கீழே நிறமற்ற ஒரு துண்டும் அதற்கு மேல் கூர்மையான கோடும் தெரிந்தால் அது தண்ணீர். கோட்டின் மேல் பழுப்புச் சளி போல ஒரு படலம் மிதந்தால் பூஞ்சை குடியேறிவிட்டது. தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் உட்கார்ந்து, ஈரத்தைக் கீழிருந்தும் தீனியை மேலிருந்தும் எடுத்துக்கொள்வது அதன் வழக்கம். அழுகிய முட்டை வாடை அடித்தால் பாக்டீரியாவும் சேர்ந்துவிட்டது. அது வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு இரும்பை அரிக்கும்.

தண்ணீர்தானா என்று ஐயம் வந்தால் கொஞ்சம் கேசரிப் பவுடர் போதும். எடுத்த டீசலைக் கண்ணாடிக் குப்பியில் விட்டு ஒரு சிட்டிகை தூவுங்கள். டீசலில் அது கரையாது, மணல்போல அப்படியே இறங்கும். அடியில் தண்ணீர் இருந்தால் அந்த இடம் மட்டும் சிவந்து பரவும்.

மேல் டீசலையும் ஒருமுறை பாருங்கள். சுத்தமான குப்பியில் ஒரு லிட்டர் எடுத்து, பின்னால் செய்தித்தாளைப் பிடியுங்கள். பொடி எழுத்தைத் தெளிவாகப் படிக்க முடிந்தால் நல்லது. மூட்டமாக இருந்தால் குப்பியை வெயிலில் அரை மணி வையுங்கள். சூட்டில் தெளிந்து, ஆறினதும் மறுபடி மூட்டமானால் அது தண்ணீர் மூட்டம்.

இந்தச் சோதனை மாதம் ஒருமுறை, ஐப்பசி கார்த்திகையில் வாரம் ஒருமுறை, ஒவ்வொரு முறை நிரப்பும் முன்னும் கட்டாயம். தண்ணீர் தெரிந்தால் அதே மூடி வழியாகக் கையால் அமுக்கும் சைஃபன் பம்பை இறக்கி, தெளிந்த டீசல் வரும்வரை எடுங்கள். வாயால் உறிஞ்சவே கூடாது. விழுங்கினால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம், ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். அப்படி யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். வாந்தியில்தான் அது நுரையீரலுக்குப் போகும்.

புதிதாக நிரப்பிய பேரலை ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட்டு, அப்புறம் இறையுங்கள். எந்த ஃபில்டரும் செய்யாத வேலையை 24 மணி நேர ஓய்வு செலவில்லாமல் செய்துவிடும்.

வண்டிப் பக்கம்

மாலையில் டேங்கை நிரப்பிவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரின் அடித் திருகைக் கால் சுற்றுத் திறந்து ஒரு சின்ன டம்ளரில் பிடியுங்கள். இரவெல்லாம் இறங்கிய தண்ணீர் அதில் வந்துவிடும்.

ஃபில்டர் மாற்றும்போது பழையதைத் தூக்கி எறியாமல் ஹேக்ஸா பிளேடால் அறுத்து, மடிப்புத் தாளை விரித்துப் பாருங்கள். தாளில் செம்பழுப்புத் தூள் கையில் ஒட்டினால் துரு. பேரலையோ டேங்கையோ மாற்றும் காலம். கறுத்து, வழவழவென்று விரலில் இழுபட்டால் பூஞ்சை. கறுப்பாக இருந்தும் வழுக்காமல் தார்போல ஒட்டினால் டீசல் பழசாகிப் பிசின் விட்டிருக்கிறது. நரநரவென்று மணல் என்றால் மூடி திறந்தே கிடந்திருக்கிறது, அல்லது கேன் அழுக்கு. மெக்கானிக் சொல்வதைவிட இந்தத் தாள் தெளிவாகச் சொல்லும். புது ஃபில்டர் போட்டதும் கைப் பிரைமரை (டீசலைக் கையால் ஏற்றும் சின்னப் பம்பை) அடித்து, காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை ஏர் எடுக்க மறக்காதீர்கள்.

பூஞ்சை வந்தபின்

முதலில் அந்தப் பேரலிலிருந்து இறைப்பதை நிறுத்துங்கள். இரண்டு நாள் அசையாமல் விட்டு, அடியிலிருந்து தண்ணீரையும் சளியையும் எடுங்கள். மேல் டீசலைப் புது ஃபில்டர் வழியாக வேறு பேரலுக்கு மாற்றுங்கள். பழைய பேரலைக் கழுவிக் காப்பாற்ற மெனக்கெடுவதைவிடக் காயலாங்கடைக்குப் போடுவது மலிவு. சளி மடிப்பு விளிம்பில் ஒட்டியிருந்து மறுபடி கிளம்பும்.

டீசலுக்கென்றே விற்கும் பூஞ்சைக்கொல்லி போடலாம். டப்பாவில் எழுதிய அளவுக்கு மேல் வேண்டாம், கையுறை போட்டு ஊற்றுங்கள். வயலுக்கு அடிக்கும் பூஞ்சைக்கொல்லி இதற்கு ஆகாது. அதில் உள்ள கந்தகமும் தாமிரமும் இன்ஜினுக்கு எமன். தண்ணீரை எடுக்காமல் மருந்து ஊற்றினாலும் சில வாரத்தில் பழைய கதைதான். மருந்து பட்டுச் செத்த பூஞ்சை துண்டு துண்டாக உதிர்ந்து வரும் என்பதால் அடுத்த சில நாளுக்கு இரண்டு ஃபில்டர் கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.

தின்னர், ஸ்பிரிட் ஊற்றித் தண்ணீரைக் "கரைக்கும்" வைத்தியம் வேண்டாம். கரைந்த தண்ணீர் ஃபில்டரைத் தாண்டி நாசிலுக்கே போய்ச் சேரும், டீசலும் சுலபமாகத் தீப்பிடிக்கும். டீசலில் கற்பூரம், நாப்தலின் உருண்டை போடுவதும் வேண்டாம்.

எவ்வளவு, எத்தனை நாள்

நம் ஊர்ச் சூட்டில் ஆறு மாதத்துக்கு மேல் ஒரே டீசலை வைத்திருக்காதீர்கள். இரண்டு பேரல் இருந்தால் மாற்றி மாற்றி, பழசை முதலில் காலி செய்யுங்கள். விலை ஏறும் என்று ஒரு வருஷத்துக்கு வாங்கி அடுக்குவதில் லாபம் நிற்காது. சட்டப்படி, 1934 பெட்ரோலியச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு டீசலை ஒரே இடத்தில் 2500 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைக்க இடம் தருகிறது. எந்தக் கலமும் 1000 லிட்டருக்கு மேல் கொள்ளக்கூடாது. சாதாரண விவசாயிக்கு இரண்டு பேரலுக்கு மேல் தேவைப்படாது. ஒரு வாளி உலர் மணலும் பவுடர் தீயணைப்பானும் கொட்டகை வாசலில் இருக்கட்டும், பேரலுக்குப் பின்னால் இல்லை.

அடியிலிருந்து எடுத்த கலங்கலை ஐந்து லிட்டர் கண்ணாடிநிறக் கேனில் ஊற்றி மூடி, ஒரு வாரம் நிழலில் வையுங்கள். மேலே தெளிந்ததைச் சைஃபன் பம்பால் எடுத்து, ஃபில்டர் வழியாகப் பேரலுக்கே விடலாம். கீழே மிஞ்சும் கறுப்புத் தண்ணீரை வாய்க்காலில் கொட்டாதீர்கள். கரையானுக்கு என்று தென்னை மூட்டிலும் ஊற்றாதீர்கள். கழிவு ஆயில் எடுக்க வருகிறவரிடம் அந்தக் கேனோடு கொடுத்துவிடுங்கள்.